மைக்குக்கு எட்டாத பேச்சு

மேடையில் பரிபூரணம் பேசிக்கொண்டிருக்கிறார். ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மைக்செட் ஆல்வின் பதறிப்போய்க் குமிழ்களைத் திருகுகிறான். ராஜபாளையத்து நூல் மில்லிலிருந்து நாடகத்துக்கும் சினிமாவுக்கும் போனவர் பரிபூரணம். மஞ்சள் வெளிச்சத்தில் அவருடைய உதடும் விரல்களும் மட்டும் அசைகின்றன. கீழே அமர்ந்திருக்கும் மில் பெண்கள், சத்தமில்லாமல் வாயசைத்தே அவருக்குப் பதில் சொல்கிறார்கள். சிலர் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். “மைக்கு நல்லாத்தான் இருக்கு தம்பி. மிஷின் ஓடுற எரைச்சல்ல நாங்க இப்படித்தான் பேசிக்கிடுவோம்” என்கிறாள் பக்கத்தில் இருக்கும் மில்காரி சௌதா. “அவிய என்னக்கா சொல்லுதாவ?” என்று ஆல்வின் கேட்கிறான். மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே சௌதா சொல்கிறாள். அவளுக்கும் குரல் எழவில்லை. உதடுகள் சேர்ந்து பிரிகிற அந்த முதல் சொல் மட்டும் ஆல்வினுக்கு விளங்குகிறது. அம்மா. குமிழிலிருந்து கையை எடுத்துவிடுகிறான்.