ஜன்னலைத் தாண்டாத தோரணம்

"நேத்து சாயங்காலம் இது ஜன்னலைத் தாண்டியிருந்தது. இன்னைக்கு ஜன்னலுக்கு இந்தப் பக்கமே நிக்குது. தோரணம் என்ன, காலாற நடந்துட்டு வந்துச்சா?"

இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள் அவள். முதியோர் இல்லத்தில் பெரியவர்களுக்குக் கைவேலை சொல்லித்தர வந்த புதுப்பெண். ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரும் நிமிரவில்லை.

"குளிருக்குக் கம்பளி சுருங்கும்மா," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகியும் இங்கே அவருக்குப் பெயரே அதுதான்.

"சுருங்கினா கொடி சின்னதாகும் சார். கொடியே காணாமப் போகுமா?"

"நீ எண்ணினது தப்பா இருக்கும்," என்றார் கணக்கு டீச்சர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வருஷக் கடைசி விழா. ஆளுக்கு ஆள் சின்னச் சின்னக் கம்பளிக் கொடிகள் பின்ன வேண்டும். அவற்றைக் கோத்துத் தோரணமாக்கி ஹாலின் நாலு சுவரையும் சுற்ற வேண்டும். "முடிச்சுக் காட்டு. உன்னை நிரந்தரமாக்கறது என் பொறுப்பு," என்று மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். மகளுக்கு வேலை நிரந்தரமாகப் போகிறது என்று அப்பா தெருவில் போகிறவரை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இங்கேயோ, ஒரு கொடி பின்னுவதற்குள் உயிர் போய்த் திரும்பி வந்தது.

"ஊசியே கண்ணுக்குத் தெரியல கண்ணு," என்பார் டெய்லரம்மா. தையல் மெஷினோடு ஆயுளைக் கழித்தவர்.

"சிவப்பும் பச்சையும் பக்கத்துல பக்கத்துல வந்தா எனக்குக் குழப்பமாகுது. இப்ப நிக்கணுமா, போகணுமா?" என்பார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"ஒரு கண்ணி விட்டுப்போச்சு. முதல்ல இருந்து போடறேன்," என்பார் டீச்சர், கொடி முடிகிற நேரம் பார்த்து.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் அறைக்குப் போய்த் தூங்கும் நேரம். கத்தரிக்கோலை மறந்துவிட்டோமே என்று அவள் ஹாலுக்குத் திரும்பினாள்.

வாசலில் நாற்காலி போட்டு ஸ்டேஷன் மாஸ்டர் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். காவல்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே, ஊசி கண்ணுக்குத் தெரியாத டெய்லரம்மா தோரணத்திலிருந்து ஒவ்வொரு கொடியாக அவிழ்த்துப் பரபரவென்று பிரித்துக்கொண்டிருந்தார். பிரிந்து வந்த நூலை டீச்சர் உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தார். விரல்கள் இயந்திரமாய்ச் சுழன்றன.

"ஓஹோ! இதுதான் கம்பளி சுருங்கற லட்சணமா?"

அவள் போட்ட சத்தத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்.

"நான் குரல் குடுத்திருக்கணும் டீச்சர், ஆள் வருதுன்னு..." என்று உளறினார்.

"நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? பிடிக்கலைன்னா நேராச் சொல்லியிருக்கலாமே! உங்களுக்கு இது விளையாட்டு. எனக்கு இது சோறு. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கலைன்னா என் வேலை போயிடும், தெரியுமா?"

"அது வந்தும்மா..." என்று டீச்சர் ஆரம்பிப்பதற்குள் வராந்தாவில் செருப்புச் சத்தம் டக்டக்கென்று கேட்டது. டெய்லரம்மா நூல் உருண்டையைச் சால்வைக்குள் தள்ளினார்.

மேலாளர் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார்.

"இன்னும் இவ்வளவுதானா?"

"மேடம், இவங்கதான்..." என்று அவள் வாயெடுத்தாள்.

"எங்களால முடிஞ்சது இவ்வளவுதான் மேடம்," என்று டெய்லரம்மா குறுக்கே புகுந்தார். "கண்ணும் தெரிய மாட்டேங்குது."

"கையும் இப்படி ஆடுது, பாருங்க," என்று டீச்சர் நீட்டிக் காட்டினார். சற்று முன் சுழன்ற விரல்கள் இப்போது வெடவெடவென்று நடுங்கின. "இந்தப் பொண்ணு பக்கத்துல உட்கார்ந்தாத்தான் ஒரு கொடியாவது வருது."

மேலாளர் சலித்துக்கொண்டார்.

"நாலு சுவரும் சுத்தி வரும்னு எல்லார் வீட்டுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். மானம் போகுது. சரி, வெள்ளிக்கிழமைக்கு இருக்கறதை மாட்டிடு. சனிக்கிழமையோட உன்னை அனுப்பிடலாம்னு இருந்தேன். இனி என்ன பண்றது? மீதியை அப்புறம் சுத்திக் காட்டறோம்னுதான் அவங்ககிட்ட சொல்லணும். இது முடியற வரைக்கும் நீயே இருந்து தொலை."

"அனுப்பறதா? மேடம், முடிச்சா நிரந்தரம்னு நீங்கதானே..."

"விழா சமயத்துல ஆயிரம் சொல்வோம். அதையெல்லாம் பிடிச்சுக்கிட்டு தொங்காதே."

டக்டக் சத்தம் வராந்தாவில் தேய்ந்து மறைந்தது.

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். யாரைத் திட்டுவதென்றே தெரியவில்லை.

டீச்சரின் கை நடுக்கம் நின்றிருந்தது. டெய்லரம்மா சால்வைக்குள்ளிருந்து நூல் உருண்டையை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"போன வருஷம் காகித நட்சத்திரம் செய்யச் சொல்லித்தர ஒரு பொண்ணு வந்தா. அவளுக்கும் இதே வாக்குத்தான். தங்கமான பொண்ணேன்னு நாங்களும் விழுந்து விழுந்து செஞ்சு, சொன்ன நாளுக்கு முன்னாடியே முடிச்சுக் குடுத்துட்டோம், பாவி மனுஷங்க."