ஒரே பாத்திரம்

வேதக்கோயிலில் நற்கருணைத் திராட்சரசத்தை ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் கொடுக்கத் தொடங்கிய வருஷம், பதினேழு குடும்பங்கள் பழைய ஜெபப் புத்தகத்தோடு வெளியேறின. எல்லாரும் முழங்காலிட்டு ஒரே பாத்திரத்தில் குடிப்பதுதான் ஆதிமுறை என்றார்கள். ஜெபக்கனி அவர்களோடு போனாள். அவளுடைய அக்கா பாக்கியமணி போகவில்லை.

"ஒரே பாத்திரம்னு இந்தக் குதி குதிக்கியே, ஏட்டி, இனி என் எச்சிய எங்க போய்க் குடிப்ப?" என்று அக்கா சிரித்தாள்.

"நீ அங்க வா, குடிக்கேன். வராட்டா உன் வீட்டுப் படி ஏற மாட்டேன்."

சொன்னபடியே பதினோரு வருஷம் ஏறவில்லை. நேற்று அக்காவின் அடக்கத்தைக்கூடக் கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியே நின்றுதான் பார்த்தாள்.

இன்று, அவர்கள் ஆலயமாக்கிக்கொண்ட பழைய பஞ்சுக் கிட்டங்கியில், வலப்பக்கம் ஓர் ஆள் இடம் விட்டு முழங்காலிட்டாள். பழைய கோயிலில் அக்கா எப்போதும் அந்தப் பக்கம்தான்.

"சித்தி, தள்ளுங்க, எடம் சும்மாதான கெடக்கு" என்றாள் பின்னால் நின்றவள்.

ஜெபக்கனி அசையவில்லை.

பாதிரி ஐயர் ஒவ்வொரு வாய்க்கும் பாத்திரத்தின் விளிம்பை வெள்ளைத்துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். காலி இடத்தைத் தாண்டி அவளிடம் குனிந்தார்.

"மொதல்ல அந்த எடத்துல காட்டிட்டு வாங்க, ஐயா" என்றாள் ஜெபக்கனி. "பெறவு தொடைக்காம எனக்குத் தாங்க."