நின்ற இடத்திலேயே குடிக்கும் கார்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், செல்லங்களே. எங்கள் ஊர்ச் சிவப்புக் கார் ஒன்றின் கதை சொல்கிறேன். சின்னக் கதைதான், கிண்ணத்தில் இருக்கிற சூப் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

"குடிக்குது சாமி! நின்ன இடத்துலயே நின்னுக்கிட்டுக் குடிக்குது!" என்று மேசையைத் தட்டினாள் நெரினா.

பங்குச் சாமியார் தொன் செல்ஸோவின் கரண்டி பாதி வழியில் நின்றது. "யாரும்மா, எர்மெத்தேயா?"

"இந்த மனுஷன் குடிச்சா ஒரு அதட்டுல நிறுத்திட மாட்டேனா? இவரோட காரைச் சொல்றேன்!"

நெரினாவின் கணவர் எர்மெத்தே பாலாடைக்கட்டி செய்கிறவர். காலமெல்லாம் பால் அண்டாவைக் கிளறிச் சேர்த்ததைக் கொட்டி, மோதெனா நகரத்து டாக்டர் ஒருவர் ஓட்டிச் சலித்த பந்தயக் காரை வாங்கியிருந்தார். தரையோடு தரையாக, பழுத்த தக்காளி நிறத்தில் இருக்கும்.

வீட்டுக் கொட்டகையில் கூரை முட்டப் பாலாடைக்கட்டி அடுக்கியிருந்ததால், கார் கோயில் கொட்டகையில் நின்றது. அங்கேயே நிற்கும் சவ வண்டி வெளியே வர, காரை நகர்த்தி வழிவிட வேண்டுமே என்று அதன் சாவி ஒன்று கோயிலிலும் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எர்மெத்தே அதில் ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்புவார். அந்த மனிதர் கண்ட சுகம் அவ்வளவுதான். இப்போது அதற்கும் ஆபத்து. மோதெனாக்காரர் ஒருவர் காரை விலைக்குக் கேட்டிருந்தார். விற்பதா வேண்டாமா என்று வீட்டில் ஓயாத சண்டை. சாமி சொல்வதே தீர்ப்பு என்று இருவரும் ஒப்புக்கொண்டு, அவரை அந்த ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள்.

"டயர் மாத்துற காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம்," என்று தொடர்ந்தாள் நெரினா. "மெக்கானிக் மூடியைத் திறந்து பெருமூச்சு விடுறான், அந்தப் பெருமூச்சுக்கே தனி பில்லு! ஒரு தர்ப்பூசணி வைக்க இடமில்லை. எங்கம்மாவை ஏத்தினோம். இறக்குறதுக்குள்ள, கன்னுக்குட்டியை இழுத்து வெளிய எடுத்த மாதிரி ஆயிடுச்சு."

"உங்கம்மாவை ஏறச் சொல்லி நானா கூப்பிட்டேன்?" என்று முணுமுணுத்தார் எர்மெத்தே.

"அதெல்லாம்கூடப் பொறுத்துப்பேன். பாலம் வரைக்கும் போயிட்டு வர்றதுக்கு வாராவாரம் டாங்க் காலியாகுதே, அது எப்படி சாமி?"

"பழைய வண்டிம்மா. ஆவியாப் போயிடும்," என்றார் சாமியார், சூப்பைப் பார்த்தபடி. "நீ என்ன சொல்ற, மகனே?"

எர்மெத்தேவுக்குப் பேச்சு அவ்வளவாக வராது. "அது கிளம்புறப்ப என் வயித்துக்குள்ள கோயில் மணி அடிக்கும் சாமி. முழங்கால் வலி மறந்துபோகும். வேற என்னத்தைச் சொல்ல?" தட்டை ஓரமாக நகர்த்தினார். "வித்துடலாம். இவ சொல்றதுதான் நியாயம்."

"விக்கிறதா?" சாமியார் எழுந்தே விட்டார். "கூடவே கூடாது! அம்மா நெரினா, சந்தோஷத்தைத் தராசுல வெச்சு நிறுக்காதே. ஸெர்ரா மலையில ஏறும்போது, ரெண்டாவது வளைவுல கியரைக் குறைச்சா அது ஒரு உறுமல் உறுமும் பாரு… சர்வேசுரனே வந்து தோள்ல கை போட்ட மாதிரி இருக்கும்!"

எர்மெத்தே வாயைப் பிளந்தார். "நான் அந்தப் பக்கமே போனதில்லையே சாமி. உங்களுக்கு எப்படி…?"

சாமியார் மெதுவாக உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டார். "காலம்பூரா பாவசங்கீர்த்தனம் கேக்குறவன்டா நான். நம்ம ஊர் ஆம்பளைங்க வேற என்ன பாவம் சொல்றாங்க? எல்லாம் வேகமா ஓட்டின பாவம்தான்."

அதுவும் நிஜம்தான். எங்கள் பக்கத்தில் தொட்டில் குழந்தைகூட எஞ்சின் சத்தத்தை வைத்தே இது இன்னார் கார் என்று தலையைத் திருப்பும்.

நெரினா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி, தீர்ப்புன்னா தீர்ப்பு. ஆனா அந்த வளைவுக்கு என்னையும் கூட்டிட்டுப் போகணும், இன்னிக்கே. இவ்வளவு காசு அழுவுறோம், சர்வேசுரன் என் தோள்லயும் ஒரு தடவை கை போடட்டுமே!"

சாமியாருக்குப் புரையேறியது. "இன்னிக்கா? மழை வரும்போல இருக்கேம்மா…"

வெளியே வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது.

இரண்டாவது வளைவில் எர்மெத்தே கியரைக் குறைத்தார். கார் உறுமியது. நெரினாவின் தலைத்துணி பறந்துபோய் யாருடைய திராட்சைத் தோட்டத்திலோ விழுந்தது.

"ஐயோ, நிறுத்தட்டுமா?"

"நிறுத்தாதீங்க! துணிதானே, போனாப் போகுது!" என்று கல்யாணத்தன்று சிரித்த மாதிரி சிரித்தாள் அவள். சிரித்து முடித்து, அவர் தோளில் சாய்ந்தாள். "விக்கவே வேணாங்க."

உச்சியில் ஸெர்ரா கிராமம். அங்கே ஒரே ஒரு காப்பிக் கடை. வாசலையொட்டிக் காரை நிறுத்திவிட்டு, இருவரும் கைகோத்து உள்ளே போனார்கள்.

கடைக்கார வாஸ்கோ முதுகைக் காட்டிக்கொண்டு காப்பிக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்தான். வாசலில் எஞ்சின் சத்தம் கேட்டதும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழகிய கை தானாக நீண்டு, வால்நட் மது புட்டியை எடுத்து, ஒரு கோப்பையை நிரப்பி மேடைமேல் வைத்தது.

"வாங்க சாமி! செவ்வாய்க்கிழமைதானே வருவீங்க, இன்னிக்கு என்ன, ஞாயித்துக்கிழமையே வந்துட்டீங்க?"

உங்கள் வீட்டில் சிரிப்பு குறையாதிருக்கட்டும், செல்லங்களே. நீங்கள் ஊற்றிய பெட்ரோல் உங்களுக்கே ஓடட்டும்.