வேலைநிறுத்தக் கூழ்

வரிசையில் அவளுக்கு முன்னால் இன்னும் நான்கு பேர்.

வலது கையில் அலுமினியக் கிண்ணம். இடது கையை இறுக மூடி வைத்திருந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

தங்கச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் தொடங்கிப் பதினோரு நாள்.

கெங்கம்மாள் அண்டாவில் கரண்டியை விட்டுக் கலக்கி ஊற்றிக்கொண்டிருந்தாள். கேழ்வரகுக் கூழ். மேலே இரண்டு துண்டு வெங்காயம்.

அந்த வாசனை பிறகு எந்த விருந்திலும் அந்தச் சிறுமிக்குக் கிடைக்கவில்லை. பசிதான் காரணம் என்பார்கள். சொல்கிறவர்கள் அந்த வரிசையில் நின்றதில்லை.

பிள்ளைகளுக்கு அது திருவிழா. பள்ளிக்கூடம் கிடையாது. அப்பாக்கள் பகலிலேயே கண்ணில் பட்டார்கள். சிலருக்குத் தங்கள் அப்பா இவ்வளவு சிவப்பா என்று அப்போதுதான் தெரிந்தது.

சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் எண் அடித்த பித்தளை வில்லை ஒன்று உண்டு. இறங்கும்போது வாசலில் கொடுக்க வேண்டும். ஏறி வந்தால் திரும்பக் கிடைக்கும். வில்லை வீட்டில் இருந்தால் ஆள் வேலைக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

அதனால் பிள்ளைகள் அப்பாவின் வில்லையைக் காட்டித்தான் கூழ் வாங்கினார்கள்.

அவள் அப்பா அன்று காலை இறங்கிவிட்டார்.

தம்பிக்கு நான்கு நாளாக ஜுரம். வேலைக்கு வருகிறவன் பிள்ளைக்குத்தான் மருந்து என்று கம்பெனி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அவள் முறை வந்தது.

கெங்கம்மாள் மூடிய கையைப் பார்த்தாள். கை திறக்கவில்லை.

"இதுங்கப்பன் காலைல எறங்கிட்டான்" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அந்த ஊரில் அது பெரிய காரியமும் இல்லை.

கெங்கம்மாள் கரண்டியை வைத்தாள். இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு வில்லையை எடுத்தாள். அவள் புருஷன் இரண்டு வருஷத்துக்கு முன்பு பாறை சரிந்து செத்தவர். ஆளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். வில்லையைத் தனியாகக் கொடுத்தார்கள்.

சிறுமியின் இடது கையைப் பிரித்து அதை உள்ளே வைத்தாள்.

"எங்கூட்டுக்காரரு எறங்கலயே. அவரு பேர்ல துன்னட்டும்."

கிண்ணம் நிறைந்தது.

அவள் விரல்விட்டு வழித்து நக்கினாள். கெங்கம்மாளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கூச்சமாக இருந்தது. வில்லையைத் திரும்பக் கொடுக்கப்போனபோது நாளைக்கும் வேண்டுமே என்று கெங்கம்மாள் தலையாட்டி மறுத்துவிட்டாள்.

சாயங்காலம் அப்பா மருந்து பாட்டிலோடு வந்தார். தம்பிக்கு ஒரு வேளை கொடுத்தார்கள். அவன் கொஞ்சம் தூங்கினான்.

அப்பா அவள் கையிலிருந்த வில்லையை வாங்கி எண்ணைப் பார்த்தார். கெங்கம்மாள் புருஷனின் உடலை மேலே தூக்கி வந்த நாலு பேரில் அவரும் ஒருவர்.

அவள் நடந்ததையெல்லாம் பெருமையாகச் சொன்னாள். யார் பேரில் சாப்பிட்டாள் என்பதையும் சொன்னாள்.

அன்று அப்பா சாப்பிடவில்லை.

காலையில் சுரங்கத்துச் சங்கு ஊதியது. அவர் எழுந்து உட்கார்ந்தார். இரண்டாவது சங்கும் ஊதி ஓய்ந்தது. அவர் உட்கார்ந்தபடியே இருந்தார்.

பிறகு தன் வில்லையை அவளிடம் கொடுத்தார். கெங்கம்மாளின் வில்லையையும் கொடுத்தார்.

"இத அவங்ககிட்ட குடுத்துடு."

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். லைன் வீடுகளைத் தாண்டி, மண்மேட்டைத் தாண்டி, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் அப்பா எறங்கல, அப்பா எறங்கல என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். அத்தனை சந்தோஷமாக வாழ்க்கையில் பிறகு ஒருநாளும் ஓடியதில்லை.

கிளம்பும்போது ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்திருந்தாள். வாசலில் அம்மா மருந்து பாட்டிலை வெயிலுக்கு நேராகத் தூக்கி, இன்னும் எத்தனை வேளைக்கு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.