வலது பக்கத்துப் பெயர்

அந்தப் பெண்ணுக்கு மார்க்கர் வேண்டாமாம். அழிப்பதற்கு ஏதாவது வேண்டுமாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

காலையிலிருந்து ஒரு லட்சம் பேருக்காவது மார்க்கர் கொடுத்திருப்பேன். சரி, இருநூறு பேர். ஒருவர்கூட இப்படிக் கேட்டதில்லை.

நூலகத்துக்கு எதிரே, கார் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தது தீயணைப்பு வண்டி. பெயிண்டு கடையிலிருந்த ரோஸ் நிறம் மொத்தத்தையும் அதன் தலையில் கொட்டியதுபோல அப்படியொரு ரோஸ். தீயணைப்பு வீரர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வருடம் ஒருமுறை அதை ஊர் ஊராக ஓட்டி வருவார்கள். புற்றுநோய் வந்தவர்கள் அதன் மேல் தங்கள் பெயரை எழுதலாம். அவர்களுக்காக வீட்டில் உள்ளவர்களும் எழுதலாம்.

இடது பக்கம், உயிரோடு இருப்பவர்கள். வலது பக்கம், போய்விட்டவர்கள். எழுதிய பெயரை அழிக்கக் கூடாது.

விதி அவ்வளவுதான். அதைக் கட்டிக்காக்க நான் ஒருவன் போதும். முப்பத்தாறு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து, சீட் மாறி உட்கார்ந்த பாதி உலகத்தை எழுப்பிவிட்டவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ஊரை அதட்ட இப்படியொரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? இந்த வருடம் தொண்டர் சட்டையை மாட்டிக்கொண்டு விட்டேன்.

"யார் பேரும்மா அழிக்கணும்?"

"என் பேருதான் சார்."

அவள் என்னை வலது பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். பின்சக்கரத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் அவள் பெயர். பக்கத்தில் ஒரு பூ வேறு.

பெயரைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அவள் கால் தரையில் படுகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

"என் கொழுந்தன் பண்ண வேலை. போன வருஷம் நான் ஆஸ்பத்திரியில கிடந்தேன். இந்தப் பக்கம் நிறைய இடம் இருந்துச்சாம், தாராளமா எழுதிட்டு வந்துட்டான். விதியாவது ஒண்ணாவது, அவன் எதைப் படிச்சான்? ஊருக்கே டிரைவிங் சொல்லித் தர்றவ சார் நான். என்னையே ராங் சைடுல நிறுத்திட்டான்!"

எனக்குப் பல்செட் கிடையாது. இருந்திருந்தால் நான் சிரித்த சிரிப்பில் அது நூலகத்து மாடியில் போய் விழுந்திருக்கும்.

அவள் சிரிக்கவில்லை. தலையில் கட்டியிருந்த துணியை இறுக்கிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலைல ஸ்கேன் ரிசல்ட். இது இங்க இருக்கிற வரைக்கும் அதை வாங்க எனக்குக் கால் வராது. பைத்தியம்னு நினைச்சாலும் பரவாயில்ல."

நியாயம்தான். ஆனாலும் நான் இறங்கி வரவில்லை.

"எழுதினது எழுதினதுதாம்மா. இன்னிக்கு ஒருத்தரை மாத்தினா நாளைக்கு வரிசையா வந்து நிப்பாங்க. வேணும்னா இடது பக்கம் இன்னொரு தடவை எழுதிக்கோங்க."

கடைசிப் பெட்டி வரை கேட்கும் என் பழைய குரலில் சொன்னேன். நூலகக் கூரையிலிருந்த புறாக்கள் மூன்று ஊர் தாண்டிப் போய்த்தான் உட்கார்ந்தன.

"ரெண்டு பக்கமும் இருக்கிறதுக்கு நான் என்ன ஆவியா?"

சத்தம் கேட்டு வண்டியின் அதிகாரி வந்தார். என் மகள் வயதுப் பெண். பெயரையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அழிக்கக் கூடாதுன்னுதான் விதி. நகரக் கூடாதுன்னு யாரு சொன்னா? உயிரோட இருக்கிற ஆளைத் தீக்குள்ளேயே விட்டுட்டு வர்ற பழக்கம் எங்களுக்கு இல்ல சார்."

தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம் என்றேன். ஒரு படிவம் அச்சடிக்கலாம் என்றேன். குறுக்கே போய்க்கூட நின்றேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் கையிலிருந்ததிலேயே தடித்த மார்க்கரை அவள் பிடுங்கிக்கொண்டாள்.

தன் பெயரிலிருந்து ஒரு கோடு இழுத்தாள். சாலையில் போடுவார்களே, அதுபோல நேர்க்கோடு. கதவுகளைத் தாண்டி, விளக்குகளைத் தாண்டி, வண்டியின் மூக்கு வரை வந்தாள். கூட்டமும் கூடவே நகர்ந்தது. வளையும் இடத்தில் நின்று, பின்னால் பார்த்து, கையை நீட்டி சிக்னல் காட்டினாள்.

கார் நிறுத்துமிடமே கைதட்டியது.

அச்சு அசல் யூ டர்ன். இடது பக்கம் வந்து அம்பு முனை போட்டு, அதன் நுனியில் தன் பெயரைத் தன் கையால் எழுதினாள்.

"நாளைக்கு எது வந்தாலும் சரி சார். என் சைடுல நின்னு வாங்கிக்குவேன்" என்றாள். கொழுந்தனுக்கு அனுப்ப ஒரு படம் எடுத்துக்கொண்டாள். போகும்போது அவள் நடையில் ஒரு வேகம் இருந்தது.

அதிகாரி மார்க்கரை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"பாத்தீங்களா, ஒண்ணும் குடி முழுகிடல. பக்கம் மாத்த வேண்டிய பேரு வேற ஏதாவது உங்களுக்குத் தெரியுமா சார்? இப்பவே போட்டுடலாம்."

"அப்படி ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

இடது பக்கம், முன்கதவின் கைப்பிடிக்குக் கீழே ஒரு பெயர் இருக்கிறது. போன வருடம் என் மனைவி படியில் ஏறி, பிடிமானத்துக்கு என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு எழுதியது.

அவள் போய் ஏழு மாதம் ஆகிறது.

மார்க்கரை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.