சம்மதப் படிவம்

"அந்த டாக்டரை இந்தத் திட்டத்துலேருந்து எடுத்துடுங்க சார். இல்லேன்னா என்னை எடுத்துடுங்க."

பேராசிரியை சொன்னதும் இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அந்த டாக்டரும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார்.

குழந்தைகளுக்கு வரும் பரம்பரை நோய் அது. எலும்புக்குள் ரத்தம் ஊறுவது கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோகும். மருந்து கிடையாது. ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று பேர் கூட்டுச் சேர்ந்திருந்தார்கள். குழந்தைகள் வார்டு டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும். பேராசிரியை அதை ஆய்வுக்கூடத்தில் அலச வேண்டும். வருகிற எண்களை வைத்துப் புள்ளியியல்காரர் கணக்குப் போட வேண்டும்.

"ஏழு மாசத்துல பதினொரு பேர்!" என்றார் புள்ளியியல்காரர். "இதை வெச்சு நான் கணக்குப் போடறதும் சீட்டுக் குலுக்கிப் பார்க்கறதும் ஒண்ணுதான்."

"இவருக்கு முன்னாடி இருந்த டாக்டரம்மா ஆறே மாசத்துல அறுபத்திரண்டு பேர்கிட்ட வாங்கிக் குடுத்தாங்க," என்றார் பேராசிரியை. "ஒருத்தர்கூட மாட்டேன்னு சொல்லலை. அதை வெச்சுத்தான் கட்டுரை வந்தது, விருது வந்தது. இவர் வந்தார், எல்லாம் படுத்துடுச்சு."

"நான் கேட்டேன் மேடம். வேண்டாம்னுட்டாங்க," என்றார் டாக்டர்.

"எப்படிக் கேட்டீங்க?"

"வார்டுக்கு வந்து பாருங்க. இதோட அஞ்சாவது தடவையா கூப்பிடறேன்."

"போய்த்தான் பாருங்களேன் மேடம்," என்றார் இயக்குநர். "நாளைக்கு முடிவு பண்ணிடலாம்."

வார்டு பக்கத்துக் கட்டடம்தான். ஆறு வருஷத்தில் பேராசிரியை அங்கே போனதில்லை. ரத்தம் ஐஸ் பெட்டியில் வந்துவிடும். குப்பியில் எண் ஒட்டியிருக்கும். கூடவே பெற்றவர்கள் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவமும் வந்துவிடும். வேறென்ன வேண்டும்?

முதல் கட்டிலில் ஒரு பையன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். டாக்டர் அவன் அப்பாவிடம் பேசினார்.

"ஆராய்ச்சிக்கு ரத்தம் கேக்கறோம். இதனால உங்க பையனுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு வேற யாரோ பெத்த பிள்ளைக்கு உதவலாம், உதவாமலும் போகலாம். நீங்க குடுக்கலேன்னா வைத்தியத்துல ஒரு குறையும் வராது."

அப்பா மகனின் கையைத் தூக்கிப் பார்த்தார். முழங்கைவரை ஊசித் தழும்பு.

"வேண்டாம் சார். இனிமே குத்தறதுக்கு இடமில்லை."

"சரிங்க," என்று எழுந்துவிட்டார் டாக்டர்.

வராந்தாவுக்கு வந்ததும் பேராசிரியை வெடித்தார்.

"இப்படிக் கேட்டா எவன் குடுப்பான்? வேண்டாம்னு சொல்லுங்கன்னு நீங்களே எடுத்துக் குடுக்கறீங்க!"

"உள்ளதைச் சொன்னேன்."

"கொஞ்சம் பக்குவமா சொன்னா என்ன? முன்னாடி இருந்தவங்க சொன்ன மாதிரி?"

"அவங்க என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"அது எனக்கெதுக்கு? என்கிட்ட படிவம் இருக்கு."

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண், இடுப்பில் மூன்று வயதுக் குழந்தையோடு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"ரத்தத்தை ஆராயற மேடம் நீங்கதானா? நர்ஸம்மா சொன்னாங்க."

"ஆமா. நான்தான்."

அவள் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு, அதன் சட்டைக் கையை மடமடவென்று மேலே ஏற்றினாள். "இவளுக்கும் எடுத்துக்கோங்கம்மா. எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோங்க. இவர்கிட்ட ரெண்டு தடவை கெஞ்சிட்டேன். எடுத்தாலும் இவளுக்கு ஒண்ணும் ஆகாது, யோசிச்சு சொல்லுங்கன்னு திருப்பி அனுப்பிட்டார். மனசே இல்லாத மனுஷன்."



பேராசிரியை டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். பாத்தீங்களா என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். முகம் கேட்டுவிட்டது.

"பழைய டாக்டரம்மா தங்கமானவங்க," என்றாள் அந்தப் பெண். "எங்க பெரியவனுக்கு அவங்கதான் எடுத்தாங்க. ஏழு தடவை. உடம்புல ஊறறதே கொஞ்சம். இருந்தாலும் அழாம கையை நீட்டுவான்."

"நல்ல பையன்," என்றார் பேராசிரியை.

"இந்த ரத்தம் பெரிய ஆய்வுக்கூடத்துக்குப் போகுது, ரிசல்ட் வந்ததும் அவனுக்குப் பொருத்தமான மருந்தை ஆரம்பிச்சுடலாம்னு சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்காகத்தாம்மா எங்கேயும் கூட்டிட்டுப் போகாம இங்கேயே கிடந்தோம். கடைசி நாள்கூட கேட்டான், 'ரிசல்ட் வந்துடுச்சாம்மா?'ன்னு."

பேராசிரியை டாக்டர் பக்கம் திரும்பினார்.

"அவன் போய் ஒண்ணரை வருஷம் ஆச்சு. பரவாயில்லை, இவளுக்கும் அதே நோய்தானே? அவனோட ரிசல்ட் இவளுக்கு ஆகும்ல? சொல்லுங்கம்மா, வந்துடுச்சா?"

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று டாக்டரிடம் கேட்டார் பேராசிரியை.

"வந்த முதல் வாரமே தெரியும். இப்படி ரிசல்ட் கேக்கறவங்கள்ல இவங்க பத்தொன்பதாவது ஆள் மேடம். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. ரிசல்ட் உங்ககிட்ட இருக்காம்."

குழந்தை தானாகவே கையை நீட்டிக்கொண்டு நின்றது. அதற்கும் பழகிப் போயிருந்தது.

பேராசிரியை குனிந்து, ஏற்றி விட்டிருந்த சட்டைக் கையைக் கீழே இறக்கி, பித்தானைப் போட்டுவிட்டார். 

"ரிசல்ட் வந்து ரெண்டு வருஷம் ஆச்சும்மா," என்றார். "உங்க பையன் அப்போ உயிரோடதான் இருந்திருக்கான். ஆனா அவனுக்கு அதுல ஒண்ணுமே இல்லை. அவன் கையை நீட்டினது எனக்காக."