இரண்டாயிரத்து இருநூற்றில் நிற்க வேண்டிய முள்

வாடகைக் கார் ஓட்டுபவர் கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத தன் ஆட்டோமேட்டிக் காரின் திறந்த கதவைப் பிடித்தபடி நிற்கிறார். இடது கால் முழங்காலோடு முடிந்துவிடுகிறது, கக்கத்தில் ஊன்றுகோல். நான்கு சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்தாயிற்று. "ஏறி உட்காருங்கண்ணே, இடது காலால பிரேக்கை மிதிச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்த மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டு தானே ஏறுகிறார். கியரை டி-யில் போட்டு, பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து அழுத்துகிறார். இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரும் கியர்பாக்ஸும் சரியாக இருந்தால், கார் நின்ற இடத்திலேயே திமிறும். இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் இரண்டாயிரத்து இருநூற்றைத் தாண்டாது. "நில்லு, நில்லு" என்று முள்ளிடம் கெஞ்சுகிறார் ஓட்டுநர். மூவாயிரம். மூவாயிரத்து ஐந்நூறு. இன்ஜின் அலறுகிறது, கார் மட்டும் செத்த மாடு மாதிரி கிடக்கிறது. ஐந்தாவது விநாடியில் மெக்கானிக் காலை எடுக்கும்போது கருகிய எண்ணெய் வாடை வெயிலில் பரவுகிறது.

"பிடிமானமே இல்லண்ணே. உள்ள எல்லாம் தேஞ்சு போச்சு."

"இன்னொரு தடவை பாருங்க தம்பி."

"பார்த்தா மிச்சமும் எரிஞ்சிடும்."

சாவி ஓட்டுநரின் உள்ளங்கைக்கு வருகிறது. "இந்த ஒத்தைக் காலுக்கு வேற வண்டி ஏது தம்பி?" என்கிறார், சாவியிடம் கேட்பதுபோல. சக்கரத்துக் கட்டையை எடுக்கக் குனியும் மெக்கானிக், எடுக்காமலே நிமிர்கிறார்.